மாமனாரின் மூன்று நுரை மிஷின்கள்

என் மாமனார் ஏகாம்பரம் செட்டியார் மூன்று நுரை மிஷின்கள் வாங்கினார். மூன்றும் ஒரே காரியத்துக்குத்தான். வீட்டில் உட்கார்ந்து, ஐஸ் போட்டு நுரைக்க அடித்த காபி ஒரு கிளாஸ் குடிக்க வேண்டும். 1957இல் ஒன்று, 1960இல் ஒன்று, 1963இல் ஒன்று. மூன்று மிஷினும் பத்திரமாக அந்த வீட்டில் இருந்தன. காபிதான் வரவில்லை.

இதை எழுதுகிற எனக்குச் சேவுகன் என்று பெயர். புதுக்கோட்டையில் ஒரு பாங்கியில் குமாஸ்தா. மாமனாரைப் பற்றி மருமகன் எழுதினால் அதில் பாதி புகாராகத்தான் இருக்கும். இதிலும் இருக்கும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று என் மனைவி தெய்வானை சொல்லுவாள். அவளுக்கும் அவள் ஆத்தாளுக்கும் நடுவில் இரண்டு நாள் இருந்து பார்த்தால் யாருக்கும் வரும்.

மாமனாருக்குச் சொந்த ஊர் திருமயத்துக்குப் பக்கத்தில் குழிபிறை. செட்டியார் வீடு என்றதும் தேக்குத் தூணையும் பளிங்குத் தரையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதெல்லாம் எதிர்வீட்டில். இவருடையது நாலு பங்காளிகள் பிரித்துக்கொண்ட வீடு. இவர் பங்குக்கு வந்தது இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, பொது முற்றத்தில் கால்வாசி. மழை பெய்தால் அந்தக் கால்வாசி முற்றத்தில்தான் எல்லார் பங்குத் தண்ணீரும் வந்து நிற்கும்.

1948இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனார். அங்கே ஒரு கொடுக்கல் வாங்கல் கடையில் அடுத்தாள் உத்தியோகம். கடையை நடத்துகிறவர் மேலாள். அடுத்தாள் என்றால் அவருக்கு அடுத்த ஆள் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். உள்ளே, கடிதம் எழுதுவது, வசூலுக்கு நடப்பது, மேலாள் வெளியில் கிளம்பினால் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது. ஏழு வருஷம் கழித்துக் கடையை மூடிவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, ஒரு கதை ஆகியவற்றோடு மாமனார் ஊர் வந்து சேர்ந்தார். திருமயத்தில் தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் புக்கிங் ஆபீஸில் வேலை கிடைத்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் எழுந்து ஓட முடியாது. அவர்களிடம் அந்தக் கதையைச் சொன்னார்.

"பினாங்குல ஒரு முக்குல சீனர் ஒருத்தர் கடைங்க. முழுக்கக் கண்ணாடி போட்ட கடை. மத்தியானம் மூணு மணி வெயிலு. ஒரு கண்ணாடி ஜாடி, அதுல டிகாசன், பாலு, சீனி, ஐசு. மூடியப் போட்டு ஒரு பொத்தான அமுக்குவான். மொதல்ல கறுப்பும் வெள்ளையுமாச் சுத்தும். பெறகு ஒரே நெறமா ஆகிரும். ஐசு ஒடையிற சத்தம் நின்னதும் நுரை கெளம்பும் பாருங்க, ரெண்டு வெரக்கடை ஒசரத்துக்கு. கிளாசுல ஊத்துனா வெளிப்பக்கம் வேர்த்து முத்து முத்தா நிக்கும்."

"ருசி எப்புடிங்க இருக்கும்?"

"அது குடிச்சாத்தாங்க தெரியும்."

கேட்டவருக்கு நாக்கில் எச்சில் ஊறும்போது சரியாகப் பொன்னமராவதி பஸ் வந்துவிடும்.

இந்தக் காபியைக் குழிபிறையில் குடித்துவிட்டுத்தான் சாவது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கும் ரொம்ப நாள் சிரிப்பாகத்தான் இருந்தது. ஊரில் மற்றவர்கள் காசிக்குப் போக ஆசைப்பட்டார்கள், கார் வாங்க ஆசைப்பட்டார்கள். இவர் ஆசைப்பட்டது ஒரு கிளாஸ் நுரைக்கு. குறுக்கே நின்றது யார் என்றால், அவர் மனைவி, என் மாமியார் முத்தாள்.

முத்தாள் ஆச்சியைக் குறை சொல்லுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்களவர்கள் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை எல்லாம் வளவு என்கிற உள்முற்றம் முழுக்கப் பரப்பி வைப்பார்கள். பித்தளை, வெண்கலம், எனாமல், எவர்சில்வர், பாய், கூடை, சல்லடை, உரல் என்று ஒரு கடைவீதியே உட்கார்ந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், கவிழ்த்துப் பார்ப்பார்கள். முத்தாள் ஆச்சிக்குக் கல்யாணம் நடந்தது 1943இல். அதற்கு முந்தின வருஷம்தான் அவருடைய அப்பச்சி, அதாவது தகப்பனார், யுத்தத்தில் பர்மாவில் இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, நடந்தே ஊர் வந்து சேர்ந்திருந்தார். பரப்பி வைத்த சாமான் வளவில் ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரி ஒருத்தி எனாமல் தூக்கு ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா? மிச்சம் வண்டியில வருதா?" என்று கேட்டாளாம். கேட்டவள் செத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. முத்தாள் ஆச்சி அந்தக் கேள்வியை இன்னும் விடவில்லை.

ஆகவே தெய்வானை பிறந்த பதினோராம் நாளே இரண்டு அறையில் ஓர் அறை சாமான் அறை ஆயிற்று. சாவி ஆச்சியின் இடுப்பில். வீட்டுக்குள் புதுசாக எது வந்தாலும் அந்த அறைக்குள் போகும். போனது வெளியே வராது. குடும்பமே மிச்சமிருந்த ஒரே அறையில் படுத்து எழுந்தது. உள்ளே நாலு டஜன் தட்டு அடுக்கியிருக்க, இவர்கள் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். மாமனார் போர்த்திக்கொண்டது கிழிந்த போர்வை. உள்ளே ஆறு கம்பளி இருந்தது.

முதல் மிஷினை மாமனார் வாங்கியது புதுக்கோட்டை கீழராஜவீதியில். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு கம்பிக்கூண்டு ஒன்றுக்குள் ஒன்று ஓடும். துரைமார் வீட்டில் அதில் முட்டை அடிப்பார்களாம். கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரை ஊற்றி, நாலு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நுரை முழங்கை வரைக்கும் வந்தது. சோப்பு நுரைக்குக் கை விரலே போதும், மிஷின் எதற்கு என்று கேட்க அந்த இடத்தில் ஆள் இல்லை. மாமனார் வாயைப் பிளந்துகொண்டு வாங்கிவிட்டார். வாங்கியதோடு விட்டாரா? முதல் காபி நல்ல நாளில் போட வேண்டும் என்று பஞ்சாங்கம் பார்த்து, வளர்பிறை வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

முத்தாள் ஆச்சி காகிதத்தைப் பிரித்தார், கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார், மறுபடி காகிதத்தைச் சுற்றினார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா நல்ல சாமானா வந்திருக்கு. தெய்வானைக்கு இருக்கட்டும்."

அறை திறந்து மூடிற்று. அடுப்பில் டிகாஷன் இறங்கிக்கொண்டிருந்தது. அதை மாமனார் சூடாகவே குடித்தார்.

இரண்டாவதை வாங்க மூன்று வருஷம் ஆயிற்று. இது ஒரு கண்ணாடிக் குவளை. மூடிக்கு நடுவே ஒரு கம்பி, கம்பியின் அடியில் ஓட்டை போட்ட தகடு. கம்பியை மேலும் கீழும் இழுத்து இழுத்துக் குத்த வேண்டும். பிரிக்கப்படாத புதுச் சாமான்தானே அறைக்குள் போகிறது, பழசாகிவிட்டால் போகாதே என்று இந்தத் தடவை கணக்குப் போட்டார். பஸ் ஆபீஸிலேயே வைத்து ஒரு தரம் அடித்துக் குடித்துவிட்டால் மிஷின் பழசு. சோடாக் கடையில் ஐஸ் வாங்கினார். ஐஸ் பெரிய கட்டியாக இருந்ததால் உடைக்க எடைக்கல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் குழிபிறைப் பக்கம் போகிற பங்காளி ஒருவர், பிரிக்காத பெட்டியைப் பார்த்துவிட்டு, "நான் வீட்டுல குடுத்துர்றேன் அண்ணே, ஒங்களுக்கு எதுக்கு வீண் செரமம்" என்று உபகாரமாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஐஸ், மேஜை மேல் இருந்த டிக்கெட் கட்டு மேல் கரைந்தது. அதற்கு மானேஜரிடம் திட்டு வாங்கினார்.

வீட்டுக்குப் போய்க் கேட்டார். "ஒண்ணுதான் ஏற்கெனவே உள்ள இருக்கே?"

"ஒத்தையாக் குடுத்தா நல்லாவா இருக்கும்? இப்பத்தான் ஜோடி சேந்துச்சு" என்றார் ஆச்சி.

இதில் மாமனாருக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஜோடி சேர்ந்துவிட்டது. இனி வருவது தனக்குத்தான். அந்தத் தைரியத்தில் மூன்றாவது மிஷினை வாங்குவதற்கு முன்னாலேயே அதற்கு மின்சாரம் ஏற்பாடு செய்தார். திருமயத்து வயர்மேன் குழந்தைசாமியைக் கூட்டிவந்து, சமையற்கட்டுச் சுவரில் மூன்று ஓட்டைப் பிளக் ஒன்று வைத்தார். இரண்டு வருஷம் அந்தப் பிளக்கில் செருக எதுவும் இல்லை. அதைச் சுற்றி ஒரு பல்லி குடித்தனம் நடத்தியது.

1963இல், நச்சாந்துபட்டியில் சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர் ஒருவர் இரண்டு எலெக்ட்ரிக் மிஷின்களை விற்கப்போகிறார் என்று சேதி வந்தது. மாமனார் குழந்தைசாமியையும் அழைத்துக்கொண்டு போனார். அந்த மனுஷன் மிஷின் வாங்கப் போனதை எனக்குக் குழந்தைசாமி நடித்தே காட்டியிருக்கிறான். அடியில் ஒட்டியிருந்த தகட்டில் வோல்ட் எத்தனை என்று படித்தார்கள். கத்தி நாலும் எப்படி நிற்கிறது, இரண்டு மேலே பார்த்தும் இரண்டு கீழே பார்த்தும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். மூடியில் ரப்பர் வளையம் இறுக்கமா என்று தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தார்கள். ஐஸை உடைக்குமா என்று பார்க்க ஐஸ் இல்லை. மாமனார் மடியிலிருந்து கருப்பட்டித் துண்டு இரண்டை எடுத்து உள்ளே போட்டார். இரண்டு மிஷினும் கருப்பட்டியைப் பொடியாக்கின.

இரண்டுக்கும் வித்தியாசம் ஜாடியில்தான். ஒன்றுக்கு எவர்சில்வர் ஜாடி, ஒன்றுக்குக் கண்ணாடி ஜாடி.

"எவர்சில்வர எடுங்க" என்றான் குழந்தைசாமி. "கீழ விழுந்தா நெளியும், அம்புட்டுத்தான். கண்ணாடி ஒடைஞ்சா ஜாடிக்கு எங்கிட்டுப் போவீங்க, சிங்கப்பூருக்கா?"

விற்கிறவரே எவர்சில்வரைத்தான் எடுக்கச் சொன்னார். விலையும் அதுதான் குறைவு. மாமனார் கண்ணாடி ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள நடக்குறது கண்ணுக்குத் தெரியலைன்னா அது என்னப்பா காபி?"

குழந்தைசாமி தலையில் அடித்துக்கொண்டான். இந்த இடத்தில் நானும் ரொம்ப நாள் அவன் கட்சிதான். காபி குடிக்கத்தானே, பார்க்கவா?

மிஷினைக் கையில் வாங்கிக்கொண்டு மாமனார் மறுபடியும் பஞ்சாங்கம் பார்த்தார். ஜோடி சேர்ந்தாலும் ஆச்சியை நம்ப முடியாது. நல்ல நாளில் வந்தால்தானே சீருக்குப் போகிறது? ஆகவே தேய்பிறை அஷ்டமி, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்றரை மணி, சரியான இராகு காலம் என்று பொறுக்கி எடுத்து, அந்த நேரத்தில் வாசற்படி ஏறினார். உலகத்தில் கெட்ட நேரம் பார்த்து வீட்டுக்குப் புதுச் சாமான் கொண்டுவந்த ஒரே செட்டியார் என் மாமனாராகத்தான் இருக்க வேண்டும்.

ஆச்சி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"இந்த நேரத்துலயா கொண்டாருவாக? ஒங்களுக்கு என்ன ஆச்சு? அங்கிட்டு வண்டிக் கொட்டகையில வைங்க."

மிஷின் வண்டிக் கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே பதினொரு நாள் இருந்தது. வளர்பிறையில் ஒரு காலை நேரத்தில் ஆச்சியே போய், பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே கொண்டுவந்தார். நேரே அறைக்குள்.

"மூணா இருக்கே?" என்றார் மாமனார்.

"இருக்கட்டுமே. ஊருல யாரு குடுத்திருக்கா மூணு?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் அவர் என் மாமனாராக இருக்க மாட்டார். சண்டை போட்டிருக்கலாம், சாவியைப் பிடுங்கியிருக்கலாம். செய்யவில்லை. அந்த எனாமல் தூக்குக் கதை அவருக்கும் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவருடைய சொந்த அத்தை.

அடுத்த வருஷம் எனக்கும் தெய்வானைக்கும் கல்யாணம். மாமனார் இதிலும் தமக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பரப்புகிற அன்றைக்குச் சாமான் எல்லாம் அறையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பார்த்து முடித்தபின், மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுவதற்குள் அரை மணி நேரம் கிடைக்கும். அந்த அரை மணியில் யாருக்கும் தெரியாமல் ஒரு கிளாஸ். பாலும் டிகாஷனும் கல்யாண வீட்டில் குடம் குடமாக இருக்கும். வேண்டியது ஐஸ். கோட்டைப்பட்டினத்துக்கு மீனுக்காக ஐஸ் ஏற்றிப்போகிற லாரிக்காரரிடம் ஒரு பாளம் கேட்டு வாங்கி, முதல் பஸ்ஸில் வரவழைத்து, மரத்தூள் மூட்டைக்குள் புதைத்துக் கொல்லைப்புறத்தில் வைத்தார். இந்த ரகசியம் குழந்தைசாமி ஒருவனுக்குத்தான் தெரியும். இனிமேல் அந்த மிஷின் என் வீட்டுக்குப் போய்விடும். அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான்.

வளவில் சாமான் பரப்பியாயிற்று. இந்தத் தடவை மூலை முடுக்கெல்லாம் நிறைந்து நடக்க இடமில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் சுற்றி வந்தார்கள். என் பெரியாத்தா ஒருத்தி உண்டு. பரப்பிய சாமானில் பழுது கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அரை மணி நேரம் தேடியும் கிடைக்காமல் கடுப்பில் இருந்தவள், கண்ணாடி ஜாடியிடம் வந்து நின்றாள்.

"இதென்ன, சட்டிக்குள்ள கத்தியப் போட்டு வச்சிருக்கு?"

முத்தாள் ஆச்சி பக்கத்தில் வந்தார். "அது எலெக்ட்ரிக் மிஷினுங்க. சிங்கப்பூர்ச் சாமான்."

"என்ன செய்யும்?"

ஆச்சி ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாங்கிய நாளிலிருந்து அறைக்குள் வைத்துப் பூட்டிய சாமான் என்ன செய்யும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"ஓடாத சாமான எண்ணிக்கைக்காக வச்சிருக்கீகளோ?" என்று பெரியாத்தா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். இரண்டு மூன்று பெண்கள் சிரித்தார்கள்.

நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். ஆச்சியின் முகம் எனக்கு நேரே தெரிந்தது. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு சாமானாகச் சேர்த்த முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று. சிரித்தவர்களைச் சேர்ந்தவன் என்பதற்காக எனக்கே கூச்சமாக இருந்தது. எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்தவன் பேசக் கூடாது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

அப்போது மாமனார் வந்தார். ஆச்சியைப் பார்த்தார், கொல்லைப்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "குழந்தைசாமி, அந்த மூட்டைய எடுத்தாப்பா" என்றார்.

பிளக் சமையற்கட்டில் இருந்தது. ஆகவே சம்பந்திகள் எல்லாரும் பட்டுப்புடவையும் வைரத்தோடுமாகப் புகையடித்த சமையற்கட்டு வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மாமனார் டிகாஷனை ஊற்றினார், பாலை ஊற்றினார், சீனி போட்டார், ஐஸை உடைத்துப் போட்டார். பொத்தானை அமுக்கினார். கர்ரென்று கிளம்பிய சத்தத்தில் பெரியாத்தா இரண்டடி பின்னால் போய் அண்டாவில் இடித்துக்கொண்டாள். கறுப்பும் வெள்ளையும் சுற்றி ஒரே நிறமாயின. ஐஸ் உடைகிற சத்தம் நின்றது. நுரை ஏறியது. கண்ணாடி ஜாடி இல்லாவிட்டால் இதை ஒருவரும் பார்த்திருக்க முடியாது.

முதல் கிளாஸ் சம்பந்தியான என் அப்பச்சிக்கு. குடித்துவிட்டு, "லேசாக் கடக்கரை வாடை அடிக்குது. ஆனா நல்லாத்தான் இருக்கு, இன்னொண்ணு குடுங்க" என்றார். இரண்டாவதும் அவருக்கே போயிற்று. மூன்றாவது எனக்கு. பிறகு பெரியாத்தாவுக்கு. அவள் உதட்டில் நுரை ஒட்டியிருக்க, "இந்த மாதிரி எங்க பக்கத்துல யாரும் குடுக்கலை" என்று தன் வாயாலேயே சொன்னாள். ஆச்சிக்கு முகத்தில் இரத்தம் திரும்பியது. பிறகு சித்தப்பன், பெரியப்பன், அம்மான், நண்டு சிண்டு என்று நாற்பது பேர். ஜாடியில் ஒரு தடவைக்கு இரண்டு டம்ளர்தான் பிடிக்கும். மாமனார் வியர்க்க விறுவிறுக்க அடித்து ஊற்றிக்கொண்டே இருந்தார். நாற்பதாவது டம்ளரோடு மூட்டையில் மரத்தூள்தான் மிச்சம். அவர் ஜாடியைக் கழுவி, துடைத்து, பெட்டியில் வைத்தார். நீங்கள் குடித்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவருக்கு அன்றைக்கு ஐஸ் வந்த கதையைப் பின்னால் குழந்தைசாமி சொன்னபோதுகூட எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பினாங்கில் ஏழு வருஷம் குடித்தவர்தானே, ஒரு கிளாஸ் போனால் என்ன என்று நினைத்தேன். போகிற வருகிற இடமெல்லாம் அவரைக் கிண்டல் செய்தேன். "மாமா, ஐஸ் வந்திருக்கு, மிஷின்தான் இல்ல" என்பேன். அவரும் கூடச் சிரிப்பார்.

இரண்டு வருஷம் கழித்து, 1966 சித்திரையில், மாமனாரும் மாமியாரும் எங்கள் மகளைப் பார்க்கப் புதுக்கோட்டைக்கு வந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம். வெயிலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. இரண்டு தெரு தள்ளி ஐஸ் கிடைக்கும். நான் போய் ஒரு கட்டி வாங்கி வந்து, "தெய்வானை, அந்த மிஷினை எடு" என்றேன்.

தெய்வானை நகரவில்லை. "அது பாப்பாவுக்கு."

"எது பாப்பாவுக்கு?"

"அப்பச்சி குடுத்த மிஷினு மூணும். பெட்டியில வச்சுப் பூட்டியிருக்கேன். எடுத்து ஏதாச்சும் ஆயிட்டா?"

குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. அவளுக்குச் சீர் பூட்டியாயிற்று. எனக்கு வந்த கோபத்தில் பூட்டை உடைத்திருப்பேன். மாமனார்தான் கையைப் பிடித்தார்.

"விடுங்க மாப்பிள்ளை. இருக்கட்டும். பேத்திக்குத்தானே."

முத்தாள் ஆச்சி எழுந்தார். மகளிடம் போய், அவள் இடுப்பிலிருந்த சாவியைத் தானே உருவினார். பெட்டியைத் திறந்தார். மிஷினைத் தூக்கிவந்து மேஜை மேல் வைத்தார்.

"ஆத்தா, நீதானே சொல்லிக் குடுத்தே" என்றாள் தெய்வானை.

"நாந்தான் சொல்லிக் குடுத்தேன். நானே சொல்றேன், எடு. அன்னைக்கு நாப்பது பேருக்கு ஊத்திட்டுக் கடைசியில ஜாடியக் கழுவி வச்சாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டு வருசமா எனக்குத் தொண்டையில முள்ளு."

ஆச்சியே பாலை ஊற்றினார், டிகாஷனை ஊற்றினார், சீனியும் ஐஸும் போட்டார், பொத்தானை அமுக்கினார். அன்றைக்குச் சமையற்கட்டு வாசலில் நின்று ஒவ்வொன்றாக மனத்தில் வைத்திருந்திருக்கிறார். ஒரு பெரிய கிளாஸில் ஊற்றி மாமனார் கையில் கொடுத்தார். கிளாஸின் வெளிப்பக்கம் வேர்த்தது. மாமனார் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி நுரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"இது இப்புடித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

"ஏழு வருசம் குடிச்சவுக எங்களக் கேக்குறீக?" என்றார் ஆச்சி.

மாமனார் கிளாஸை மேஜை மேல் வைத்தார். "நான் எங்க குடிச்சேன்? மேலாள் குடிப்பாரு. நான் அவரு பையையும் கொடையையும் வச்சுக்கிட்டுக் கண்ணாடிக்கு வெளியில நிப்பேன். தெனம் மூணு மணிக்கு. அடுத்தாளு உள்ள வந்து ஒக்காரக் கூடாது. குடிக்குறதுக்குக் கையில காசும் இருக்காது." கிளாஸின் வேர்வையை விரலால் துடைத்து, "சத்தமும் நுரையும்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணாடி ஜாடிதான் வேண்டும் என்று அவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. ருசியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் நான் அடித்த கிண்டல் ஒவ்வொன்றும் வரிசையாக வந்தது. தெய்வானை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பச்சிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாவியைத் திரும்பக் கேட்கவில்லை.

ஆச்சி கிளாஸில் மிச்சமிருந்ததை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "சீனி பத்தலை. நாந்தான் கம்மியாப் போட்டுட்டேன்" என்று சொல்லி, ஜாடியில் மறுபடியும் பாலையும் டிகாஷனையும் ஊற்றினார், இரண்டு கரண்டி சீனி அள்ளிப் போட்டார், ஐஸ் போட்டார், அமுக்கினார். முதலில் இருந்ததைவிட இன்னும் ஒரு விரற்கடை உயரமாக நுரை வந்தது. கிளாஸ் தளும்ப ஊற்றிக் கொடுத்தார்.

மாமனார் வாங்கினார். பழக்கம் விடவில்லை. மறுபடியும் அதை ஜன்னலுக்கு நேரே தூக்கினார்.

"பாத்தது போதும், குடிங்க" என்றார் முத்தாள் ஆச்சி.